ஒரே சாயங்காலத்தில் நாலு சேலை

கர்த்தருக்குள் பிரியமானவங்களே, நான் சொல்லப்போறது பெருமையான சாட்சி இல்ல. சொல்லுததுக்கே நாக்கு கூசுது. ஆனா சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது.

என்னைத் தெரியாதவங்களும் இங்கன இருப்பீங்க. நான் விக்கிரமசிங்கபுரத்துல பள்ளிக்கூட டீச்சர். எங்க கோயில்ல ஓய்வுநாள் பள்ளிக்கும் நான்தான் பொறுப்பு. நாப்பத்தேழு வயசுல பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு பட்டப்படிப்பு படிச்சேன். கிறிஸ்தவ ஊழியப் பார்வையில தலைமைத்துவம், அதுதான் பாடம். ஆண்டவர் சீஷர்களோட காலைக் கழுவினதைப் பத்தி இருபது பக்கம் எழுதி, வகுப்புலயே அதிக மார்க்கும் வாங்கினேன்.

கடைசி வருசம் ஒரு செய்முறை வேலை கொடுத்தாங்க. நமக்குக் கீழன்னு நாம நினைக்கிற ஒருத்தருக்குக் கீழ பன்னிரண்டு சனிக்கிழமை வேலை செய்யணும். என்ன வேலைன்னு அவங்கதான் சொல்லணும். முடிவுல நம்மைப் பத்தி அவங்களே ஒரு பக்கம் எழுதித் தரணும்.

எங்க கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டியாரோட சம்சாரம் இரத்தினத்தைத் தேர்ந்தெடுத்தேன். புருசன் மணி அடிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைக் கூட்டித் துடைக்கது அவ. என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவ. முதல் சனிக்கிழமை போய் நின்னேன். "டீச்சர், துடைக்கதுக்கு முன்னாடி பெஞ்சையெல்லாம் நகத்தணும். அந்தப் பக்கம் பிடிங்க"ன்னா. எனக்குச் சுருக்குன்னு ஏறிச்சு. இவ யாரு என்னைப் பிடிங்கன்னு சொல்லுததுக்கு? அரை மணி நேரத்துல தலைவலின்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அப்புறம் போகவே இல்ல. பேப்பர் திருத்தணும், கல்யாண வீடு, சளி, இப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு. பதினோராவது வாரம் பயம் வந்துட்டு. ஒரு பையில நாலு சேலையை எடுத்துக்கிட்டுப் போனேன். குருவானவர் அங்கி மாத்துற வெஸ்திரி அறையில, நாலு வாரம் வந்த மாதிரித் தெரியட்டும்னு மாத்தி மாத்திக் கட்டி, துடைப்பத்தோட ஒண்ணு, வாளியோட ஒண்ணுன்னு போட்டோவுக்கு நின்னேன். என் போனைப் பிடிச்சு எடுத்தது இரத்தினம்தான். அவ எழுத வேண்டிய பக்கத்தையும் நானே எழுதி, "இங்கன ஒரு கையெழுத்துப் போடுளா"ன்னு நீட்டினேன். என்னைப் பத்தி நானே, 'தாழ்மையுள்ளவர்'னு எழுதியிருந்தேன். வெட்கங்கெட்டவ நான்.

வாய்மொழித் தேர்வுக்கு அவளையும் கூட்டிட்டு வரணும்னு பேராசிரியர் சொல்லிட்டார். தேர்வு அன்னைக்குக் காலையில உபவாசம் இருந்து ஜெபிச்சேன். என்னன்னு? "ஆண்டவரே, இரத்தினம் வாயைக் காத்துக்கொள்ளும்"னு. கேட்டீங்களா அநியாயத்தை!

பேராசிரியர் கேட்டார், "பன்னிரண்டு வாரமும் வந்தாங்களாம்மா?" இரத்தினம் என் முகத்தைப் பார்த்தா. "வந்தாங்க சார்"னா. "குறை ஏதாவது?" "ஒண்ணும் இல்ல சார்." எல்லாரும் என்னைப் பாராட்டினாங்க. ஜெபம் கேட்கப்பட்டுட்டுன்னு பஸ்ஸுலயே மனசுக்குள்ள ஸ்தோத்திரம் சொன்னேன். சேரன்மாதேவி தாண்டி, அம்பை தாண்டி, அவ ஒரு வார்த்தை பேசல. அலுப்பா இருக்கும்னு நினைச்சேன்.

எங்க கோயில்ல மாசத்து முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் ரசமும் எல்லாரும் வாங்கின பிறகு கடைசியா இரத்தினம் வருவா. அந்த மாசம் வரல. அடுத்த மாசமும் வரல. நான் வாங்கிட்டுத் திரும்பி நடக்கேன், அவ கடைசி பெஞ்சுல தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருக்கா. அப்பதான் எனக்கு உறைச்சுது.

சாயங்காலம் அவ வீட்டுக்குப் போனேன். "ஏன்ளா வரல?"

"பொய் சொல்லிட்டேன்லா டீச்சர். எந்த முகத்தோட கை நீட்டுவேன்?"

"எனக்காகத்தானே சொன்ன? அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது."

"சொன்ன வாய் என் வாய்லா."

"பெறகு ஏன் சொன்ன?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தேன். பாவமா இருந்துச்சு."

என்னைப் பார்த்து அவ பரிதாபப்பட்டிருக்கா. அந்தப் பரிதாபத்துக்காக அவ ரெண்டு மாசம் ஆண்டவருடைய பந்திக்கு வெளிய இருந்திருக்கா. பொய்யை உண்டாக்கின நான் ரெண்டு மாசமும் கூசாம கை நீட்டி வாங்கியிருக்கேன். வீட்டுக்கு வந்து அடுக்களைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். பட்டம் போயிரும், பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க, வீட்டுக்காரர் என்ன சொல்வாரோன்னு மூணு நாள் தவிச்சேன். கடைசியில ஒரே ஜெபம்தான் வந்தது. "ஆண்டவரே, இந்தத் தடவை என் வாயைத் திறந்தருளும்."

பேராசிரியரைப் பார்க்கப் போறேன்னு இரத்தினத்துக்கிட்டச் சொன்னேன். "நானும் வாரேன், நான் சொன்னதை நான்தானே சரி பண்ணணும்"னு சேலை முந்தியைச் செருகிக்கிட்டுக் கிளம்பிட்டா.

பேராசிரியர் அறைக்குள்ள போன பிறகும் பயம் போகவே இல்ல. ஆனா வாய் திறந்துச்சு. நாலு சேலை வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அது என் தைரியம் இல்லங்க. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. இரத்தினமும் சொன்னா. "ஆமா சார், நான் சொன்னது பொய். டீச்சர் ரெண்டு நாள்தான் வந்தாங்க. ஒரு பெஞ்சுகூட நகத்தல."

பேராசிரியர் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு, "பட்டம் இந்த வருசம் கிடையாது. முதல்ல இருந்து பன்னிரண்டு சனிக்கிழமை செய்ங்க"ன்னார். அழுதுக்கிட்டே சரின்னேன்.

அடுத்த முதல் ஞாயிறு, எல்லாரும் வாங்கி முடிச்சாங்க. பின்னால காலடிச் சத்தம் கேட்டுது. இரத்தினம் வந்தா. அதுவரைக்கும் நான் எழுந்திரிக்கல. அவ முழங்கால் போட்ட பிறகு போய் அவ பக்கத்துல முழங்கால் போட்டேன். நானும் கை நீட்டினேன்.

இப்ப ஏழு சனிக்கிழமை முடிஞ்சிருக்கு. "பைய நகத்துங்க டீச்சர், தரையில கோடு விழுது"ன்னு ஏசுதா. சரின்னு கேக்கேன். சில நாள் இன்னும் சுருக்குன்னு கோபம் வருது, அதையும் ஒளிக்க விரும்பல. அவளைக் கேட்டுட்டுத்தான் இதை உங்களுக்குச் சொல்லுதேன்.

பிரியமானவங்களே, உங்களுக்காக யாராவது ஒரு பொய்யைச் சுமந்துக்கிட்டு இருக்காங்களா? வேலைக்காரி, தம்பி, கூட வேலை பார்க்கிறவங்க, யாரா வேணும்னாலும் இருக்கட்டும். ஜெபிச்சுட்டு இன்னைக்கே அவங்க வீட்டுக்குப் போங்க. பயம் போகும்னு காத்திருக்காதீங்க. உங்க வாயை ஆண்டவர் திறப்பார். எனக்கே திறந்தாரே.