யோகராணி அக்கா அலறவில்லை

1. சென்ற புதன்கிழமை: நான் எழுதி இயக்கிய எங்கள் படத்தை வாங்கிய கொழும்பு நிறுவனம், அதில் தாயாக நடித்த யோகராணி அக்காவின் மறைவை அறிவிக்கும் விளம்பரத்தில் அவருக்கு "அலறல் ராணி" என்று பட்டம் சூட்டியது.

2. வெள்ளிக்கிழமை: அஞ்சலி என்ற பெயரில் இணையத்தில் ஒரு காட்சியை வெளியிட்டது. அவர் பேசாமல் நிற்கும் இடத்தில் வேறொரு பெண்ணின் அலறல் ஒட்டப்பட்டிருந்தது.

3. ஞாயிற்றுக்கிழமை: தொலைபேசியில் காரணம் கேட்டேன். "பேயே வராத பேய்ப்படம் சார், சத்தமாவது வேணாமா? எல்லாப் பிரதியிலயும் சேத்தாச்சி" என்று நிறுவனத்தின் முகாமையாளர் சிரித்தார்.

அக்காவை அறிந்தவர்களுக்கு இந்தச் சிரிப்பின் அபத்தம் புரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்தப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை காலை, உடப்புசல்லாவை போகும் பஸ்ஸில் இருந்தபோது அவரது மகன் அழைத்தார். "சார், அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. நேத்துக்கூட மீன்காரர நல்லா திட்டிட்டுத்தான் படுத்தாங்க." துக்கச் செய்தி கேட்டுச் சிரித்தவன் அந்தப் பஸ்ஸில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். நிறைவாக வாழ்ந்தவர், நிறைவாகத் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

வட்டவளைக் கடைத்தெருவில் அவருக்குத் துணிக்கடை இருந்தது. நான் முதலில் போனபோது, எதுவும் வாங்காமல் ஒவ்வொரு துணியாகத் தொட்டுக்கொண்டிருந்தேன். "தடவித் தடவிப் பாக்குறீங்களே சார், துணி எடுக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார். திட்டி முடித்ததும் தேநீர் வரவழைத்தார். நான் கவனித்தது திட்டை அல்ல. வாய் திறப்பதற்கு முந்திய கணத்தில் அவர் முகம் இருந்த இருப்பை. அந்தக் கணத்தை ஒரு படம் முழுவதும் நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அப்படித்தான் அவர் எங்கள் படத்தின் தாயானார். ஒருநாளும் கோபப்படாத தாய். அவளது அடங்கிய கோபத்துக்கு அஞ்சி ஒவ்வொருவராக வீட்டைவிட்டு விலகும் குடும்பம். கதை அவ்வளவுதான்.

றொசல்லையில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டில் படம் பிடித்தோம். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேநீர் குடிப்பது நம் பக்கத்துப் பழக்கம். காட்சியில் தாய் எல்லோர் கையிலும் சீனி வைத்துவிட்டு, கணவனைப் பார்த்து அலற வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தேன். அக்கா பிள்ளைகளுக்குச் சீனி வைத்தார். கணவனாக நடித்த செல்வராஜ் அண்ணன் கையை நீட்டினார். அக்கா சீனி டின்னை மூடினார். நீட்டிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கை தானாகப் பின்வாங்கியது. நடிப்பில்லை. 'கட்' சொல்ல மறந்துபோனேன்.

"என்ன தங்கச்சி, நெசமாவே குடுக்கலியே!" என்றார் அண்ணன், பிறகு.

"குடுத்திருந்தா பயந்திருப்பீங்களா அண்ணே?" என்று சொல்லி, அவர் கை நிறையச் சீனியைக் கொட்டினார்.

ஏன் அலறவில்லை என்று கேட்டேன். "கத்துனா கோவம் வெளிய போயிரும் சார், அப்பறம் என்ன பயம்? நான் கத்துனா எங்க வீட்ல டிவி பாத்துக்கிட்டு இருப்பாங்க. பேசாம இருந்தாத்தான் எந்திரிச்சி வருவாங்க. இப்ப நான் ஒண்ணும் நடிக்கல. திட்டாம இருந்தேன், அவ்வளவுதான். எனக்கே பயமா இருந்துச்சி."

படத்தின் முதல் திரையிடல் முடிந்து விளக்கெரிந்ததும் அவர் கணவர் மண்டபத்திலேயே கைகூப்பினார். "இந்தப் பொம்பள யாருன்னே எனக்குத் தெரியல. வீட்டுக்கு வந்து ரெண்டு வார்த்த திட்டும்மா, அப்பத்தான் சோறு எறங்கும்." அக்கா அங்கேயே தொடங்கிவிட்டார். வீதிவரை கேட்டது. அந்தக் குடும்பத்தில் எதுவும் அடங்கிக் கிடந்ததில்லை. அதனால் எதுவும் உடையவுமில்லை.

ஒருமுறை என்னிடம் சொன்னார்: "சார், நீங்க கோவத்த இஸ்திரி போட்டு மடிச்சி அலமாரில வைக்கிற ஆளு. ஒடம்புக்கு ஆகாது." அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு கண்டிப்பைத்தான். இன்னும் பழகவில்லை. என்னால் இயன்றது, மடித்ததை விரித்து உரியவர் முன் போடுவது.

ஆகவே, நிறுவனத்தாருக்கு: பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மாலை வட்டவளையில் அவர் குடும்பத்துக்கு இந்தப் படத்தைக் காட்டுகிறோம். பிரதி உங்களிடமிருந்தே வரவேண்டும். முன்வரிசையில் அவர் கணவர் இருப்பார். தம் மனைவியின் முகத்திலிருந்து யாரோ ஒருத்தியின் குரல் வருவதை அவர் கேட்கக்கூடாது. அலறலை எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீக்கிவிட்டீர்கள் என்பதை வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் அறிவியுங்கள். தொலைபேசியில் சிரிக்க வேண்டாம்.