மூன்றாம் வரிசைச் சிரிப்பு

முத்துக்குமாரசாமி அண்ணாச்சி எந்த நாடகத்திலும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்ததில்லை. அரங்கமே சிரித்து ஓய்ந்து, மேடையில் நிற்பவன் அடுத்த வசனத்துக்கு வாயைத் திறக்கிற நேரம் பார்த்து மூன்றாம் வரிசையிலிருந்து அவர் சிரிப்பு கிளம்பும். முதலில் மூக்கில் ஒரு சீறல். பிறகு வயிற்றிலிருந்து 'ஹோ ஹோ ஹோ'. கடைசியில் ஒரு இருமல். அதைக் கேட்டு அரங்கம் இன்னொரு தடவை சிரிக்கும். மேடையில் இருப்பவன் திறந்த வாயை மூடிக்கொண்டு காத்து நிற்க வேண்டியதுதான்.

நான் வடசேரியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவன். நாகர்கோவிலில் எங்கள் விளக்கொளி நாடக மன்றம் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறரைக்கு நாடகம் போடும். பதினாறு வருடமாக நான் அண்ணாச்சிக்கு நேர் பின்னால், நான்காம் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் அந்தத் தாமதத்துக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும்.

அண்ணாச்சிக்குக் காது மந்தம். தேரூர்க்காரர். ரைஸ்மில்லில் இருபத்தெட்டு வருடம் மிஷின் பக்கத்திலேயே நின்றதில் காது போய்விட்டது. அப்படிப்பட்டவர் நாடகத்துக்கு ஏன் வரவேண்டும் என்று கேட்டால், பக்கத்து நாற்காலியில் தாணம்மாள் அக்கா இருந்தாள் என்பதுதான் பதில். அக்கா வசனத்தைக் கேட்பாள், அதில் வேண்டியதைப் பொறுக்குவாள், சுருக்கி அண்ணாச்சியின் இடது காதில் சொல்லுவாள். "கேட்டியளா" என்றுதான் எப்போதும் தொடங்குவாள். அவள் சொல்லி முடித்த பிறகுதான் அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரும்.

முதல் வருடம் எனக்குப் பயங்கர எரிச்சல். நாடகம் பார்க்க வந்த இடத்தில் இது என்ன தொண தொணவென்று? ஒருநாள் முன்னால் குனிந்து 'உஷ்' என்றேன். அக்கா திரும்பிப் பார்த்தாள். "நீ உனக்குள்ள நாடகத்தப் பாரு மக்கா. நான் இவியளுக்குள்ளத சொல்லுகேன்" என்றாள்.

பிறகு நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால், எழுதி வைத்த வசனத்தை விட அக்கா சொன்னது நன்றாக இருக்கும். ஒரு நாடகத்தில் மருமகன் மாமனாரிடம் நேர்மையைப் பற்றி இரண்டு நிமிடம் மூச்சுவிடாமல் பேசுகிறான். அக்கா, "கேட்டியளா, பொய் சொல்லுகான்" என்றாள். அவ்வளவுதான். அண்ணாச்சி இருமி முடிக்க ஒரு நிமிடம் ஆனது. நானும் நாடகத்துக்குச் சிரித்தேனா அக்காவுக்குச் சிரித்தேனா என்று தெரியாது.

மன்றத்தை நடத்துகிறவன் செல்வன். எழுதுவதும் அவன்தான், இயக்குவதும் அவன்தான். பகலில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேலாளர். திரை விலகும் முன் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி வந்தாச்சா?" என்று கேட்பான். புதிதாக வருகிற நடிகர்களுக்கு அவன் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், "மூணாம் வரிசை சிரிச்சு முடிக்கட்டும், பொறவு பேசு" என்பது. நடைவழியை ஒட்டிய அந்த இரண்டு நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடமாட்டான். ரசிகனுக்கு இப்படி மரியாதை கொடுக்கிற ஆள் உண்டா என்று நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் வாயைக் கழுவ வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் ஒரு பத்தாயம் நாடகம் போட்டான். கடன் வாங்கிய ஒருவன் நெல் கொட்டுகிற பத்தாயத்துக்குள் ஒளிந்துகொண்டு படுகிற பாடுதான் கதை. தொடர்ந்து ஐந்து நாள் போட்டார்கள். அதற்குச் செல்வன் தேரூருக்கே நேரில் போய் அழைத்தான். "அஞ்சு நாளும் வரணும் அக்கா. நீங்க ரெண்டுபேரும் இல்லேன்னா மேடையில வெளக்கே எரியாது" என்றானாம். அக்காவுக்கு அப்போதே மூட்டு வலி. அரங்கத்துக்குப் பதினெட்டுப் படி ஏறவேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, ஐந்து நாளும் ஏறினாள். பத்தாயத்துக்குள் இருப்பவன் தும்முகிற இடம் வந்ததும், "கேட்டியளா, உள்ள கெடந்து தும்முகான். ஒங்க தம்பியாக்கும் அது" என்றாள். ஐந்து நாளும் அதையே சொன்னாள், ஐந்து நாளும் அண்ணாச்சி புதிதாகச் சிரித்தார். கடைசி நாள் ஒரு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்து செய்து கொண்டுவந்து நடிகர்கள் எல்லோருக்கும் கொடுத்தாள். "சொந்தக்காரங்களக் கூப்பிடுகது மாதிரில்லா வந்து கூப்பிட்டான்" என்று என்னிடம் சொன்னாள்.

போன ஆடியில் அக்கா செத்துப்போனாள். நெஞ்சு வலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. செல்வன் வந்து அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். "அந்த ரெண்டு சீட்டும் எப்பமும் ஒங்களுக்காக்கும்" என்றான். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கும் கண் கலங்கியது.

எட்டு மாதம் அண்ணாச்சி நாடகப் பக்கமே வரவில்லை. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிற மகள் சுஜா அவரை அங்கே கூட்டிக்கொண்டுபோய்க் காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தாள். முன்பு எத்தனையோ தடவை அவள் கெஞ்சியிருக்கிறாள். "தாணம்ம இருக்கும்போ எனக்கு எதுக்கு மிஷினு?" என்று தட்டிக் கழித்தவர்தான். மிஷின் வந்ததும் ஒருநாள் பார்க்கப் போனேன்.

"கொசு பாடுகதெல்லாம் கேக்கு மக்கா" என்றார். "அவ சத்தம்தான் கேக்க வழியில்ல."

வீட்டில் அக்காவின் குரல் எதிலும் இல்லை. அவளுக்குப் போனில் பேசத் தெரியும், குரல் பதிவு போடத் தெரியாது. சுஜாவின் கல்யாண வீடியோவில் அக்கா பந்தலில் நின்று யாரையோ அதட்டுகிறாள், வாய் அசைகிறது, ஆனால் வீடியோக்காரன் மேலே நாதஸ்வரத்தைப் போட்டு மூடிவிட்டான். அண்ணாச்சி அந்த இடத்தை மிஷினை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். "அவ சத்தத்த நான் நல்லாக் கேட்டு முப்பது வருசம் ஆச்சு. காதுக்குள்ள சொன்னதுதான் எனக்குத் தெரியும். இத அப்பமே மாட்டியிருந்தா ஒரு நாளாவது முழுசாக் கேட்டிருப்பேன்லா" என்றார்.

இந்தப் பங்குனியில் புது நாடகம். தான் உயிரோடு இருப்பதை ஓர் ஆபீசில் நிரூபிக்க முடியாமல் அலைகிற கிழவனின் கதை. செல்வன் போன் செய்து அண்ணாச்சியைக் கட்டாயம் கூட்டிவரச் சொன்னான். நான்தான் வற்புறுத்தி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலிலேயே செல்வன் பொன்னாடை போர்த்தினான். "மூணாம் வரிசையில ரெண்டு சீட்டும் ரிப்பேராக்கும் அண்ணாச்சி. நீங்க முன்வரிசையில இருங்க" என்று கையைப் பிடித்துக் கொண்டுபோய் உட்காரவைத்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்வரிசை எனக்குப் பழக்கமில்லை, கழுத்து வலித்தது.

நாடகம் தொடங்கியது. அண்ணாச்சிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது, அது முகத்தில் தெரிந்தது. சிரிப்புதான் வரவில்லை. முதல் ஹாஸ்யத்துக்குக் கூட்டம் லேசாகச் சிரித்து நிறுத்தியது. மேடையில் இருந்தவன் பேசாமல் காத்து நின்றான். பழக்க தோஷம் என்று நினைத்தேன்.

அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. மூக்கில் ஒரு சீறல். ஹோ ஹோ ஹோ. இருமல். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். பதினாறு வருடப் பழக்கம், புத்திக்கு எட்டும் முன் வாய் திறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் மெதுவாகத் திரும்பினார். மூன்றாம் வரிசையில் அந்த இரண்டு நாற்காலியும் காலியாகக் கிடந்தன. ஒரு உடைசலும் இல்லை. நடைவழி ஓரத்து நாற்காலிக்குக் கீழே கறுப்பாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது.

பிறகு ஒவ்வொரு ஹாஸ்யத்துக்கும் அது வந்தது. அண்ணாச்சி எழுந்து போகவில்லை. மடியில் கிடந்த பொன்னாடையை மடித்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவது சிரிப்பு வந்தபோது, சீறலுக்கு முன்னால், ஒரு பெண் குரல் "கேட்டி" என்றது. அதோடு அறுந்து சிரிப்பாக மாறியது.

அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்தார். "அவளாக்கும்" என்றார். "மக்கா, அவளாக்கும்."

நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறைக்குப் போனோம். செல்வன் கூச்சப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பல்லைக் காட்டினான்.

"கண்டுபிடிச்சிட்டியளா! இப்பம் கூட்டம் முந்தி மாதிரி சிரிக்கல்ல அண்ணாச்சி. ஒங்க சிரிப்பக் கேட்டா தானாச் சிரிப்பாங்க. அதுக்குத்தான் பத்தாயம் நாடகத்துல அஞ்சு நாளும் ஒங்க சீட்டுக்கு அடியில மைக்கு கட்டி எடுத்து வச்சேன். சொன்னா நீங்க கூச்சப்பட்டுச் சிரிக்க மாட்டிய, அதான் சொல்லல்ல."

ஐந்து நாளும் வரச் சொன்னது இதற்குத்தான். அக்கா அந்தப் பதினெட்டுப் படியும் ஏறியது இதற்குத்தான். அவள் கொண்டுவந்த முந்திரிக்கொத்தை வாயில் போட்டுக்கொண்டே இவன் மைக்கை அவிழ்த்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் இல்லாவிட்டால் அங்கேயே அவனை அறைந்திருப்பேன். ஆனால் அண்ணாச்சிக்கு அந்தக் கோபம் கூட இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"அஞ்சாவது சிரிப்புக்கு முன்னால அவ சத்தம் வந்துதுலா?" என்று கேட்டார்.

செல்வன் முகம் இப்போதுதான் வாடியது. "அய்யோ, மன்னிக்கணும் அண்ணாச்சி. நம்ம சவுண்டு பாக்குத வினோஜ் அத விட்டுட்டான். எல்லாச் சிரிப்புக்கும் முன்னால அக்கா சத்தமாக்கும் கெடந்துது. ஒண்ணொண்ணா வெட்டிக் களைஞ்சான். இது எப்பிடியோ தப்பிட்டு. அடுத்த ஞாயிறு இதுவும் இருக்காது."

"வெட்டுனதெல்லாம் எங்க?"

"அது அப்பமே அழிச்சாச்சு. கம்ப்யூட்டர்ல எடம் வேணும்லா."

அண்ணாச்சி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். "லே, அவ சொல்லாம நான் எப்பிடிலே சிரிச்சேன்?" என்றார்.

அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மில்லில் நாற்பது பேரை மிரட்டி வேலை வாங்கிய மனிதர், கெஞ்சினார். "அந்தப் பாதிய மட்டும் வெட்டாண்டாம் மக்கா. அத எனக்குத் தந்திரு." செல்வன் தலையை ஆட்டினான். வினோஜ் வீட்டுக்குப் போய்விட்டான், நாளைக்கே போனில் அனுப்பச் சொல்கிறேன், அதில் கைவைக்கவும் மாட்டோம் என்றான். என் முன்னால் சொன்னான்.

திங்கள் போனது. புதன் போனது. அண்ணாச்சி போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. நான் செல்வனை இரண்டு தடவை கூப்பிட்டேன். "அனுப்பீருவான் அண்ணே" என்றான். சனிக்கிழமை போனையே எடுக்கவில்லை. ஞாயிறு மறுபடி அதே நாடகம். அன்றைக்குச் சென்னையிலிருந்து ஏதோ நாடகப் போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள் என்று வாசலில் தட்டி வைத்திருந்தார்கள். செல்வன் அவர்களோடு நின்றான். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான்.

அண்ணாச்சி யாரிடமும் கேட்காமல் மூன்றாம் வரிசைக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்பீக்கர் அவர் காலுக்கு அடியில் இருந்தது. நான் என் பழைய இடத்தில், அவருக்குப் பின்னால். அக்காவின் நாற்காலி காலி.

முதல் சிரிப்பு வந்தது. அவர் அசையவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது ஹாஸ்யம் வந்தது. மேடையில் கிழவன் வேஷக்காரன் பேசாமல் காத்து நின்றான். அண்ணாச்சி குனிந்து, காதைக் கீழே கொடுத்தார்.

மூக்கில் ஒரு சீறல். ஹோ ஹோ ஹோ. இருமல். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். சிரிப்பு வந்த இடத்தைப் பார்க்கக் கூட்டம் திரும்பியது. அங்கே அண்ணாச்சி குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவர்தான் சிரிக்கிறார் என்று நினைத்து, இன்னும் பலமாகச் சிரித்தது.

அண்ணாச்சி நிமிர்ந்து காதிலிருந்து மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அணைக்கவில்லை போலிருக்கிறது. அது பைக்குள் கிடந்து கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அவருக்கு அது கேட்கவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு நடுவர் திரும்பி எங்களைப் பார்த்து 'உஷ்' என்றார்.