நாலாவது தட்டும் பெரிய கிராணியின் பொட்டும்

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, சதுரமாக, கறுப்பாக இருக்கும் அந்தத் தட்டு. ஃப்ளாப்பி என்பார்கள். நடுவில் ஒரு வட்ட ஓட்டை, அதற்குக் கீழே நீளவாக்கில் ஒரு திறப்பு. அந்தத் திறப்பு வழியாகப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு மெல்லிய வட்டம் தெரியும். எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிராணி அதை இரண்டு விரலால் நுனியில் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்குவார். அலுவலகத்துக்கு மூத்த கணக்குப்பிள்ளை அவர். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்தவர். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் அப்பா அனுப்பவில்லை, நானும் போகவில்லை. ஃபேக்டரியில் எண்ணெய்க் கந்தை துடைக்கச் சேர்ந்து, ஒருத்தன் சொல்லித் தராமல் பார்த்துப் பார்த்தே கற்று, முப்பது வயதுக்குள் ஃபிட்டர் ஆனவன். இன்றைக்குத் திரிங்காப்பிலும் கோலா தெர்லாவிலும் காய்கறித் தோட்டக்காரர்கள் பம்ப் ஓடவில்லை என்றால் யாருக்குப் போன் அடிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தானா ராத்தாவில் என் பட்டறை இருக்கும் கட்டடம் என் சொந்தக் கட்டடம். படித்த அந்த மனிதர் கடைசிவரை தோட்டம் கொடுத்த வீட்டில்தான் இருந்தார். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் தோட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கோலாலம்பூரிலிருந்து வேனில் பஞ்சு மெத்தை சுற்றி வந்தது. கூடவே ஓர் ஆள் வந்து அலுவலகத்துப் பின்னறையில் அதை வைத்து, ஒவ்வொரு தட்டாகப் போட்டு, அதற்கு உயிர் கொடுக்கிற மூல புரோகிராமை ஏற்றிவிட்டுப் போனார். அன்றைக்கு வேலை நாள். பக்கத்திலேயே ஃபேக்டரி. இலை வாட்டுகிற காற்றாடிகள், உருட்டுகிற மெஷின்கள், உலர்த்துகிற அடுப்பு எல்லாம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரிய கிராணி வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஆள் போகும்போது, "அறை குளிர்ச்சியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். மறுநாளே பெரிய கிராணி தோட்டத்து மேனேஜர் துரையிடம் ஏர்கோன் கேட்டு மனு எழுதினார். கேமரன் மலையில்! நடுமதியத்திலேயே ஸ்வெட்டரைக் கழற்றாமல் வேலை செய்கிற ஊரில்! "ஐயா, ஜன்னலத் திறந்து வைங்கலா, பனியே உள்ள வந்துரும்" என்றேன். "உனக்கு என்ன தெரியும், போய் எண்ணெய் ஊத்துற வேலையப் பாரு" என்றார். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவார். மற்றவர்கள் வாசற்படியோடு சரி.

இரண்டு வாரம் கழித்துப் பேருந்தில் ஒரு பெட்டி வந்தது. அதில் ஆறு தட்டுகள். அவை அப்டேட். ஏற்கெனவே ஏற்றிய மூல புரோகிராம் பழசாம், அதைப் புதுசாக்கினால்தான் கொழுந்து நிறை பதிகிற புது வேலை ஓடுமாம். ஏற்றி முடிக்காவிட்டால் அத்தனை விலை கொடுத்து வாங்கின கம்ப்யூட்டர் சும்மா முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெட்டி வந்த மறுநாள் ஆயுத பூஜை. அதற்கடுத்த வேலை நாளில் பெரிய கிராணி கதவைச் சாத்திக்கொண்டு தட்டுகளை ஏற்ற ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று போயின. நாலாவதில் திரையில் ஓடிய எண் அறுபத்து மூன்றில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அணைத்துப் போட்டுத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். நாலாவது தட்டு, அறுபத்து மூன்று. கோலாலம்பூருக்குப் போன் போட்டார். அங்கே இருந்த ஆள், "கரண்ட் சீராக வருதா?" என்று சும்மா ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். போதுமே. முங்குகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி பெரிய கிராணி அதைப் பிடித்துக்கொண்டார். நேரே துரையிடம் போய், "ஃபிட்டர் இழுத்த வயர் சரியில்ல" என்றார்.

அதிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. மெஷின்கள் ஓடினால் கரண்ட் ஆடுகிறது என்று, அப்டேட் ஏற்றுகிற நேரமெல்லாம் ஃபேக்டரியை நிறுத்தச் சொன்னார். மூன்று தடவை நிறுத்தினேன். தேயிலை தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். உருட்டின இலை நேரத்துக்கு அடுப்புக்குப் போகாவிட்டால் புளித்து நாறிப் போகும். மூன்றாவது தடவை மெஷினுக்குள் இருந்த இலை முழுவதையும் அள்ளிக் குழியில் கொட்டினோம். காலையிலிருந்து மழையில் நனைந்து கொழுந்து கிள்ளிய பெண்கள் அந்தக் குழியைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி, "ஃபிட்டரண்ணே, நல்ல உரம் போட்டீங்க" என்றாள். சாயங்காலம் துரை கூப்பிட்டார். மலாயும் தமிழும் கலந்து பேசுகிற துரை அவர், அதிகம் கத்தாதவர். அன்றைக்கும் கத்தவில்லை. சனிக்கிழமைக்குள் கரண்டைச் சரி செய்யாவிட்டால் வெளியிலிருந்து வேறு ஃபிட்டர் வருவான், நீ மருந்தடிக்கிற கூட்டத்தில் சேர்ந்துகொள், ஃபேக்டரி வீட்டைக் காலி பண்ணி லயத்து வரிசை வீட்டுக்குப் போய்விடு என்றார். அந்த வீட்டில்தான் என் இரண்டு பிள்ளைகளும் பிறந்தன. பதினைந்து வருஷம் எண்ணெயில் ஊறி வாங்கின பேர் ஒன்று எனக்கு இருந்தது. அதை அந்த மனிதர் ஒரு போன் பேச்சில் பிடுங்கப் பார்த்தார்.

நான் மீட்டரைப் பிடித்து அந்த அறைக்குப் போகும் வயரை ஒன்றுக்குப் பத்து தடவை பார்த்தேன். முள் அசையவில்லை. அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். படிப்பில்லாதவன் யோசிக்க மாட்டான் என்று படித்தவர்களுக்கு ஒரு நினைப்பு. கரண்ட் கோளாறு என்றால் அது இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்குப் போகும். ஒரு நாள் இரண்டாவது தட்டில் நிற்கும், ஒரு நாள் ஐந்தாவதில் நிற்கும். இது ஏன் எப்போதும் நாலாவது? ஏன் எப்போதும் அதே அறுபத்து மூன்று? பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால்தான் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் இடிக்கும். கோளாறு வருகிற வழியில் இல்லை, உள்ளே போகிற சாமானில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு படித்தவனுக்கு இது அரை மணி நேரத்தில் தெரிந்தது. அவருக்கு ஒரு வாரமாகத் தெரியவில்லை.

புதன்கிழமை சப்பாத்தோடு உள்ளே போனேன். பெரிய கிராணி அப்போதுதான் மறுபடியும் ஏற்றிக்கொண்டிருந்தார். "வெளிய போடா" என்றார். நான் போகவில்லை. தட்டு சுழலும் பெட்டியில் காதை வைத்தேன். பேரிங் கெட்டிருக்கிறதா என்று நாங்கள் திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்போமே, அதே பழக்கம். முதல் மூன்று தட்டும் வழுவழுவென்று ஓடின. நாலாவதைப் போட்டதும் கர்ர்… கர்ர்… மணல் அரைக்கிற சத்தம்.

"ஐயா, அந்தத் தட்டக் கொஞ்சம் குடுங்க."

"கையெழுத்துப் போடவே அரை நாள் எடுக்குற ஆளு, உனக்கு இது எதுக்கு? இது என்ன உன் எண்ணெ டின்னா?"

பெட்டி வாயில் இருந்த பூட்டைத் திருப்பினேன், தட்டை உருவினேன், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். நீளத் திறப்பில் அந்தப் பளபளப்பின்மேல் செம்பொடி. ஓரத்தில் காய்ந்து வெடித்த மஞ்சள் திட்டு. மூக்கில் வைத்துப் பார்த்தேன். சந்தனம்.

"ஐயா, இதுக்குப் பொட்டு வச்சீங்களா?"

அந்த மனிதரின் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆயுத பூஜையன்று ஆறு தட்டையும் உறையைக் கழற்றித் தாம்பாளத்தில் பரப்பி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். உறையோடு வைத்தால் சாமிக்கு மரியாதை இல்லையாம். மற்ற ஐந்துக்கும் சீட்டு ஒட்டின இடத்தில் பொட்டு விழுந்தது. நாலாவது மட்டும் தலைகீழாகக் கிடந்து, பொட்டு நேராகத் திறப்புக்குள் போயிருக்கிறது. பிறகு கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்திருக்கிறார். துடைக்கத் துடைக்க அது உள்ளே போயிருக்கிறது. நான் சாமி இல்லை என்கிறவன் இல்லை. அதே நாளில் ஃபேக்டரியில் அத்தனை மெஷினுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். ஆனால் மூடிமேல் வைத்தேன். பேரிங்குக்குள் சந்தனத்தை அப்பவில்லை. பொட்டை நெற்றியில் வைப்பார்கள், கண்ணுக்குள் வைப்பார்களா?

அதைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது வேறு ஒன்று. நாலாவது தட்டில் என்ன நடந்தது என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம் இருந்திருக்கிறது. தெரிந்தும் என் வயரைச் சொன்னார். இலை குழிக்குப் போனபோதும் வாயைத் திறக்கவில்லை. இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஃபிட்டரு, தம்பி, வெளிய சொல்லிராத. ரிட்டையராக ரெண்டு வருஷந்தான் இருக்கு" என்றார். டா போட்ட வாய் ஒரு நிமிஷத்தில் தம்பி போட்டது. நான் இரண்டே இரண்டு நிபந்தனை வைத்தேன். கோலாலம்பூருக்குப் பேசிப் புதுத் தட்டை வரவழைக்க வேண்டும். என் கரண்டில் குற்றமே இல்லை என்று துரைக்கு அவர் கையெழுத்துப் போட்டு ஒரு சுராட், அதாவது கடிதம், எழுதித் தர வேண்டும். பொட்டு சமாச்சாரத்தை அதில் எழுத வேண்டாம் என்றேன். அவ்வளவு பெருந்தன்மை எனக்கு. கெட்டுப்போன தட்டை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை புதுத் தட்டும் வந்தது, சுராட்டும் வந்தது. நல்ல தாளில் இங்கிலீஷில் டைப் அடித்து, அடியில் வளைத்து வளைத்துக் கையெழுத்து. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். என் வீட்டுக்காரி மூன்று வருஷம் கான்வென்டில் படித்தவள் என்பது தெரியாது. சோற்றை வடித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தாள்.

"லைன்ல இருந்த பழுத ஃபிட்டரு நல்லபடியா சரி பண்ணிட்டாருன்னு எழுதியிருக்கு" என்றாள்.

"நல்லாத்தானே எழுதியிருக்காரு?"

"என்னங்க நீங்க! சரி பண்ணிட்டாருன்னா, பழுது இருந்துச்சுன்னு ஆயிருதுல்ல? கொட்டுன இலைக்கு யாரு பொறுப்புன்னு நாளைக்குக் கேட்டா இந்தத் தாள்தான் பேசும்."

கஞ்சியை இறக்கி வைக்கிற நேரத்தில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். அந்த நிமிஷம்வரை அவர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. வயசான மனுஷன், பயத்தில் உளறிவிட்டார் என்று. அந்தத் தாளோடு அது போயிற்று. கையைப் பிடித்துக் கெஞ்சினவர் மறுநாளே உட்கார்ந்து, சாவகாசமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி என்னை மாட்டிவிட்டிருக்கிறார். படிப்பு அவருக்குக் கொடுத்தது அதுதான். முட்டாள்தனத்தை மறைக்க நல்ல தாளில் டைப் அடிக்கத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை துரை அறைக்குப் போனேன். மேஜைமேல் தாளை வைத்தேன், பக்கத்தில் தட்டை வைத்தேன். துரை நகத்தால் சுரண்டிப் பார்த்து விரலை முகர்ந்தார். பெரிய கிராணியைக் கூப்பிட்டு, "இனி அப்பா?" என்று மலாயில் கேட்டார், இது என்ன என்று. அவர் தரையைப் பார்த்தார். துரைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சரி ஃபிட்டர், இப்ப என்ன செய்யணும்?"

"நான் ஏத்துறேன், துரை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. திரையில வர்றத ஐயா வாசிக்கட்டும்."

"ஃபேக்டரிய நிறுத்தணுமா?" என்று பெரிய கிராணி மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணையும் நிறுத்தப்படாது" என்றேன். நானே போய்க் காற்றாடி, உருட்டும் மெஷின், அடுப்பு, மூலையில் கிடந்த அரவை மெஷின்கூட விடாமல் எல்லாவற்றையும் ஓட விட்டேன். அலுவலகத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தட்டு சுழலும் பெட்டியின் வாய்க்குள்ளும் சந்தனம் ஒட்டியிருக்கும் என்று, மருந்தகத்தில் வாங்கின ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு முதலில் துடைத்தேன். பஞ்சு சிவந்து வந்ததை துரையிடம் காட்டினேன். அப்புறம் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பெரிய கிராணி பக்கத்தில் நின்றார். அவர் வாசிப்பார், எதைத் தட்ட வேண்டும் என்று விரலை நீட்டுவார், நான் தட்டுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைப் போட்டபோது துரையும் குனிந்து பார்த்தார். அறுபது. அறுபத்தொன்று. அறுபத்து மூன்றில் ஒரு மூச்சு நின்றது. அறுபத்து நாலு.

ஆறாவது தட்டு முடிந்ததும் திரையில் ஒரு வரி வந்தது. துரை, "தமிழ்ல சொல்லுங்க, ஃபிட்டருக்குப் புரியட்டும்" என்றார்.

"எல்லாம் நல்லபடியா ஏறிருச்சு" என்றார் பெரிய கிராணி.

"மெஷின் சத்தத்துல கேக்கலீங்கய்யா" என்றேன்.

மறுபடி சொன்னார். நான் காதில் கையை வைத்தேன். மூன்றாவது தடவை கத்தியே சொன்னார். வெளியே கூடையோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் தடவையே எனக்கு நன்றாகக் கேட்டிருந்தது.