ஜெயபாண்டியின் சைலன்சர்

டிரம்பெட்டின் அகன்ற வாய்க்குள் சைலன்சரை அழுத்திச் சொருகி, ஒரு திருகு திருகி, விழுகிறதா என்று தலைகீழாக ஆட்டிப் பார்க்கிறார் ஜெயபாண்டி. விழவில்லை. அதன் ஒயரை, இடுப்பு வேட்டியில் செருகியிருக்கும் சோப்பு டப்பா அளவுக் கருவியில் மாட்டுகிறார். அந்தக் கருவியிலிருந்து இன்னொரு ஒயர் கிளம்பி, காதை மூடுகிற இரண்டு கறுப்பு உருண்டைகளுக்குப் போகிறது. எல்லாம் மாட்டியானதும், "இனி ஊருக்குச் சத்தமில்ல, எனக்கு மட்டுந்தான் கச்சேரி" என்று மனைவி முனீஸ்வரியிடம் சொல்கிறார். காதை அடைத்துக்கொண்ட பிறகு தன் குரல் தனக்கே கேட்காததால், அதைத் தெருக்கோடி வரை கேட்கும்படி சொல்கிறார்.

முனீஸ்வரிக்கு இதில் வருத்தம் உண்டு. "கொழலு ஊதுனப்பகூட வீடு இம்புட்டுச் சத்தமா இல்ல. இப்ப கொழலு வாயை மூடிக்கிருச்சு, இவுக கத்துறாக" என்கிறார். மோர் கேட்பதானாலும் ஃபேன் போடச் சொல்வதானாலும் ஜெயபாண்டி கேட்கிற கேள்விக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பதில் வருகிறது.

ஜெயபாண்டிக்கு நாற்பத்தாறு வயது. திருச்சுழியிலிருந்து மினி பஸ் போகிற கரட்டுப்பட்டியில் ஆறு ஏக்கர் கரிசல்; மழை மனது வைத்தால் மிளகாய், வைக்காவிட்டால் கருவேலம். முகூர்த்த மாதங்களில் அருப்புக்கோட்டை சங்கரின் பேண்டு செட்டில் முதல் டிரம்பெட். டவுனில் விடுதியில் தங்கிப் படித்தபோது பள்ளிக்கூட பேண்டில் பெரிய டிரம் அடிக்கத்தான் ஆசைப்பட்டார். மாட்டி நிறுத்திப் பார்த்தால் டிரம் மட்டும் தெரிந்தது, ஆளைக் காணோம். அதனால் டிரம்பெட்டைக் கையில் கொடுத்தார்கள்.

உதட்டை அவர் காப்பாற்றுகிற விதமே தனி. "காட்டுக்கு மழை, நமக்கு ஒதடு. ரெண்டுல எது பொய்ச்சாலும் வீட்டுல ஒலை கொதிக்காது" என்பார். மிளகாய் பறிக்கிற மாதங்களில் அவர் கை முகத்துப் பக்கம் போகாது. மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொள்வார். ஊதுகிற அன்று சொந்தக் காட்டு மிளகாயைக்கூட வாயில் வைக்க மாட்டார். பந்தியில் எல்லாரும் காரத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கையில் அவர் இலையில் வெறும் தயிர்ச்சோறு இருக்கும். மீசையின் கீழ் விளிம்பை வாரத்துக்கொரு முறை கத்தரித்துவிடுவார். மீசையில் கத்தரி வைப்பது இந்தப் பக்கத்தில் லேசான காரியமில்லை. அதற்காகவே அவரை ஒரு மாதிரியாகப் பார்க்கிறவர்கள் உண்டு. பேண்டு செட்டின் பழைய சிவப்புக் கோட்டை, தோளில் தொங்கும் தங்கக் குஞ்சத்தோடு, கண் திருஷ்டிக்கு நிறுத்திய காட்டுப் பொம்மைக்கு மாட்டிவிட்டிருக்கிறார். பஸ்ஸில் போகிறவர்கள் "ஜெயபாண்டி வேகாத வெயில்ல நிக்கிறாரு பாரு" என்று கை காட்டிவிட்டுப் போகிறார்கள்.

இவ்வளவு பண்டுவம் பார்த்தும் ஓர் இடம் மட்டும் அவருக்கு மக்கர் பண்ணும். கருப்பசாமியை அழைக்கிற மெட்டு ஒன்று உண்டு. அதன் முடிவில் சுதி மேலே ஏறி, உச்சியில் போய், ஆறு எண்ணுகிற வரை அசையாமல் நிற்க வேண்டும். போன வருஷம் பந்தல்குடிப் பக்கம் ஒரு கோயில் பொங்கலில் அந்த உச்சியில் சத்தம் உடைந்து, அமுக்கிப் பிடித்த கோழி கத்துவது போல ஒன்று வெளியே வந்தது. யாரோ அதை வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போட, கீழே யாரோ கோழிப் படம் போட்டார்கள். ஒன்றல்ல, பதினொன்று. எண்ணியவர் ஜெயபாண்டியேதான். அன்றிலிருந்து கரட்டுப்பட்டியில் யார் அந்த மெட்டை முணுமுணுத்தாலும், அந்த இடம் வந்ததும் தவறாமல் ஒரு கோழியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கருப்பசாமிக்கு ஆடுகிற மொக்கையனும் சேர்த்துக்கொள்கிறார். அவர் ஜெயபாண்டிக்கு மாமா முறை வேறு, சொல்லியும் பயனில்லை.

இந்த நிலையில்தான் பங்குனிப் பொங்கல் வந்தது. வழக்கமாக வருகிற நாயனக்காரர் வேறு ஊரில் ஒத்துக்கொண்டுவிட்டார். முளைப்பாரி ஊர்வலத்துக்குச் சங்கரின் செட்டையே வைத்துக்கொள்ளலாம், நம்ம ஆளே முன்னால் நின்று சாமியை அழைக்கட்டும் என்று ஊர் முடிவு செய்தது. ஜெயபாண்டிக்குச் சந்தோஷம் அரை நாள்தான் இருந்தது. சொந்த ஊர், சொந்த சாமி. அங்கே கோழி கத்தினால், அப்புறம் சாகிற வரை அதுதான் அவருக்குப் பெயர்.

பழகித் தேறலாம் என்றால் அதற்கும் வழியில்லை. காப்புக் கட்டியதிலிருந்து முளைப்பாரி கிளம்புகிற வரை எட்டு நாளும் ஊருக்குள் உலக்கை போடக் கூடாது, மேளமோ குழலோ எதுவும் ஒலிக்கக் கூடாது. முதல் சத்தம் சாமிக்கு. டி.வி.யும் மிக்ஸியும் இதில் சேராது. கட்டுப்பாடு போட்ட காலத்தில் அவை இல்லை என்பது ஊரின் வாதம். காட்டுக்குப் போய் ஊதலாமென்றால், ஊர்வலத்தில் முன்னால் நிற்கிறவர் என்று ஜெயபாண்டி கையிலும் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

மதுரையில் நர்சிங் படிக்கும் மகள் ரோஷினி இந்தப் புலம்பலையெல்லாம் போனில் கேட்டுவிட்டு, "சத்தமே வராம ஊதுறதுக்கு ஒரு சாமான் இருக்குப்பா" என்று ஆன்லைனில் போட்டுவிட்டாள். அப்படி வந்ததுதான் சைலன்சர். அதன் சரியான பெயர் அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கிறது. ஜெயபாண்டி படிக்கவில்லை. "வண்டிக்கு என்னவோ அதான் இதுக்கும்" என்று விட்டுவிட்டார். அதற்குள் ஒரு சின்ன மைக் இருக்கிறது. வெளியே கொசு முனகுகிற அளவுதான் கேட்கும். காதுக்குள்ளோ பெரிய கல்யாண மண்டபத்தில் நின்று ஊதுகிற முழக்கம். கருவியில் அதற்கென்றே ஒரு பொத்தான். முதல் நாள் அதை அமுக்கி ஊதியவர் கண் கலங்கிவிட்டார். ஆனால் உச்சிக்குப் போனதும் மண்டபத்திலும் கோழிதான் கத்தியது.

சைலன்சர் வந்த நாலாம் நாள் மதியம் பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் கொஞ்சம் புளி கேட்க வந்தவர், ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். ஜெயபாண்டியின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண் பிதுங்கியிருந்தது. முகம் கத்தரிக்காய் நிறம். கையில் பித்தளை, பித்தளையிலிருந்து ஒயர், உடம்பெல்லாம் நடுக்கம், சத்தம் மட்டும் இல்லை. பார்க்கிற யாருக்கும் ஒன்றுதான் தோன்றும்.

"ஆத்தாடி, கரண்டு அடிச்சிருச்சு" என்று ஒச்சம்மாள் ஓடினார். கரண்டு பிடித்த ஆளைக் கையால் தொடக் கூடாது, காய்ந்த கட்டையால் தட்டிவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கைக்கெட்டிய காய்ந்த கட்டை, சுவரில் சாய்த்து வைத்திருந்த உலக்கை. அடி தோளில் விழுந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒச்சம்மாளுக்கு இன்றுவரை பெருமை.

அன்று சாயங்காலமே கோயில் முன்னால் ஊர் கூடியது. ஒரே வீட்டில் இரண்டு குற்றம். காப்பு நாளில் ஜெயபாண்டி குழல் எடுத்தது ஒன்று, ஒச்சம்மாள் உலக்கை எடுத்தது இன்னொன்று.

"நானென்ன நெல்லா குத்துனேன்? மனுசனைத்தானே அடிச்சேன்" என்றார் ஒச்சம்மாள். அது நியாயமாகப் பட்டதால் அவரை விட்டுவிட்டார்கள்.

"நான் ஊதுனேன்தான், இல்லங்கல. சத்தம் வந்துச்சான்னு யாராச்சும் சொல்லுங்க" என்றார் ஜெயபாண்டி.

"இவுக சத்தந்தான் வந்துச்சு. கொழலு சத்தம் வரல" என்று முனீஸ்வரி சாட்சி சொன்னார்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மொக்கையன் எழுந்தார். அறுபது வயது, முறுக்கு மீசை. கடையில் வெல்லம் வாங்கினாலும் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். ஜெயபாண்டியிடமிருந்து கறுப்பு உருண்டைகளை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, "எங்க, ஊது மாப்ள" என்றார்.

இங்கேதான் ஊரே சேர்ந்து ஒரு தவறு செய்தது. எதை ஊதச் சொல்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஜெயபாண்டியின் உதட்டில் நாலு நாளாக இருந்தது ஒரே மெட்டு. கருப்பசாமியை அழைக்கிற மெட்டை, கருப்பசாமிக்கு ஆடுகிறவரின் காதுக்குள்ளேயே, மண்டபப் பொத்தானையும் அமுக்கி ஊதினார்.

உச்சி வரைக்கும் போகவே இல்லை. இரண்டாவது அடியிலேயே மொக்கையனின் தோள் குலுங்கியது. துண்டு பறந்தது. ஓர் அதட்டல் போட்டார். சாமி வந்துவிட்டது.

சாமி வந்தபின் வாத்தியம் நிற்கக் கூடாது. மலையேறுகிற வரை வாசித்தாக வேண்டும். அதுவும் ஊர்க் கட்டுப்பாடுதான். சாமியோ கோயிலைச் சுற்றி ஓடத் தொடங்கிவிட்டது. ஒயரின் நீளம் மூன்று முழம். ஜெயபாண்டி ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார். சாமி நின்றால் நின்றார், குதித்தால் குதித்தார். வேப்பமரத்தைச் சாமி இடப்பக்கமாகச் சுற்ற, இவர் தெரியாமல் வலப்பக்கம் போய், ஒயர் மரத்தில் மாட்டி, வந்த வழியே பின்னுக்கு ஓடி மறுபடி சேர்ந்துகொண்டார். ஊர் கைகூப்பி நின்றது. சத்தம் என்று பார்த்தால் இரண்டு பேருடைய காலடியும், ஒரு கொசுவும்.

வந்த சாமியைச் சும்மா விடுவானேன் என்று ஒச்சம்மாள் குறி கேட்டார். "சாமி, எங்க வெள்ளாட்டுக் கெடாவை நாலு நாளாக் காணோம்." சாமிக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கேட்டார். அப்போதும் கேட்கவில்லை. கூடவே ஓடி, ஒரு பக்கத்து உருண்டையைத் தூக்கிப் பிடித்து அந்தக் காதில் கேட்டார். சாமி அவர் கையைத் தட்டிவிட்டு, உருண்டையைத் திரும்பக் காதில் வைத்து அமுக்கிக்கொண்டு ஓடியது.

இரண்டாவது சுற்றில், கோயிலுக்குப் பின்புறம், ஜெயபாண்டிக்கு அது நடந்தது. ஓடுகிற ஓட்டத்தில் பயப்பட நேரமில்லை. சுதி ஏறியது, உச்சிக்குப் போனது, உதடு நடுங்கவில்லை. மனதுக்குள் ஆறு எண்ணினார். வந்துவிட்டது என்று உதடு சொன்னது. ஆனால் உதட்டை எப்படி நம்புவது, பந்தல்குடியிலும் அது இதையேதான் சொன்னது. கேட்டுச் சொல்ல வேண்டிய காதுக்கோ, இரைப்பும் காலடியும் தவிர ஒன்றும் எட்டவில்லை. மண்டபத்தில் ஒலித்ததை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் முன்னால் குதித்துக்கொண்டு ஓடினார்.

மூன்றாவது சுற்றில் பேட்டரி தீர்ந்தது. சாமி தூக்கிய காலை இறக்காமல் நின்றது. ஒரு பக்கத்து உருண்டையை விரலால் தட்டிப் பார்த்தது. பிறகு மலையேறிவிட்டது.

ஊர் கூடி யோசித்தது. சத்தம் ஊருக்குக் கேட்கவில்லை, சாமிக்கு மட்டும்தான் கேட்டது. முதல் சத்தம் சாமிக்கு என்பதுதானே கட்டுப்பாடு. ஆகவே ஜெயபாண்டி மேல் குற்றமில்லை. ஆனால் சாமி தலையில் ஏறிய பொருளை இனி மனிதர் மாட்டக் கூடாது என்று சைலன்சரையும் டப்பாவையும் உருண்டைகளையும் வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, கருப்பசாமியின் அரிவாளில் தொங்கவிட்டார்கள். ஜெயபாண்டிக்கு அழுகை வந்துவிட்டது. சாமி காரியம் என்பதால் அழவும் முடியவில்லை.

மறுநாள் காலை சங்கர் போன் செய்தார். "அண்ணே, மேச்சுதி நிக்குமா நிக்காதா? சந்தேகம்னா சொல்லிருங்க, வீரசோழன்ல ஒரு ஆளு இருக்காரு, கூட்டியாந்து நிப்பாட்டுறேன். பத்து மணிக்குத் திரும்பக் கூப்புடுறேன்."

ஜெயபாண்டி நேராக ஊருக்குள் இருக்கிற களத்துக்குப் போனார். மொக்கையன் காய்ந்த மிளகாயைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"மாமா, நேத்து ரெண்டாஞ் சுத்துல கோயிலுக்குப் பின்னாடி அந்த மேச்சுதி..."

"நேத்தா? நேத்து என்ன நடந்துச்சு மாப்ள?"

மொக்கையனைக் குறை சொல்வதற்கில்லை. சாமி வந்தவருக்கு நடந்தது எதுவும் நினைவிருக்கக் கூடாது. அடுத்த ஊர்ச் சாமியாடி ஒருவர், ஆடி முடித்த சூட்டில் "எவன்டா என் காலை மிதிச்சவன்" என்று கேட்டுத் தொலைத்தார். மறுவருஷத்திலிருந்து அவர் வெறும் விவசாயி.

"நின்னுச்சா ஒடைஞ்சுச்சா, அதை மட்டும் சொல்லுங்க மாமா. வாயைத் தொறக்க வேணாம், தலையை ஆட்டுனாப் போதும்."

"கருப்பனைப் போய்க் கேளு. எங்கிட்டக் கேட்டா எனக்கு என்ன தெரியும்?"

மிளகாய்க் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு மொக்கையன் நடந்தார். ஜெயபாண்டியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, வீரசோழன் ஆளையே கூப்பிடச் சொல்ல வாயைத் திறந்தவர், அப்படியே நின்றார். முன்னால் போகிற மாமா மூக்காலேயே ஏதோ முனகிக்கொண்டு போனார். அந்த மெட்டேதான். கோழி வருகிற இடத்துக்கு இன்னும் ஓர் அடிதான் பாக்கி. "அண்ணே, லைன்ல இருக்கீகளா" என்று சங்கர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் மொக்கையன் நின்றார். கோழி வரவில்லை. தலையில் கூடையோடு, இரண்டு குதிகாலையும் மெல்லத் தூக்கி, முகவாயை உயர்த்தி, ஆறு எண்ணுகிற நேரம் நுனிக்காலிலேயே நின்றுவிட்டு, பிறகு காலை ஊன்றி நடந்தார்.