சாமி விளக்கும் செத்த பேட்டரியும்

கார் வாங்கியதும் நான் செய்த முதல் வேலை, உள்ளே முருகன் படத்தைச் சுற்றி சீரியல் பல்பு மாட்டியதுதான். சாவியை எடுத்தாலும் அணையக்கூடாது என்று வயரை நேரே பேட்டரியில் கொடுக்கச் சொன்னேன். சாமி விளக்கு அணைந்தால் குடும்பத்துக்கு ஆகாது.

"நிப்பாட்டி வச்சா பேட்டரி எறங்கிரும்ணே" என்றார் வயர் மாட்டியவர்.

"முருகன் ஏத்தி விடுவாருய்யா" என்றேன். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம்.

பிறகு ஒரு வாரம் எங்கள் அப்புத்தளைப் பக்கம் விடாத மழை. கார் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. உள்ளே முருகன் மட்டும் சிவப்பும் பச்சையுமாக ஜொலித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போன் பண்ணினார். நெஞ்சு ஆபரேஷனுக்கு அன்று மத்தியானமே கொழும்புக்கு அனுப்புகிறார்களாம். "அதுக்குள்ள ஒன் மூஞ்சிய ஒருக்கா காட்டிட்டுப் போடா. அழகான மூஞ்சின்னு கூப்பிடல. பயமா இருக்கு." அண்ணன் வாயில் பயம் என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஓடிப்போய்ச் சாவியைத் திருகினேன். 'டிக்' என்றது. அவ்வளவுதான். பல்புகள் மங்கலாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. இஞ்சினைச் சுழற்றத்தான் தெம்பில்லை. ஹாரனை அமுக்கினேன், ஆட்டுக்குட்டி மாதிரி முனகியது. பானட்டைத் திறந்து எட்டிப்பார்த்து, "ஐயோ" என்று சொல்லி மூடினேன். மறுபடியும் திறந்து மறுபடியும் "ஐயோ" என்றேன்.

"பஸ்ல போங்க, இப்ப ஒண்ணு வரும்" என்றாள் மனைவி.

"சொந்தக் கார் வச்சிருக்கவன் பஸ்ல போயி எறங்குறதா? அண்ணன் என்ன நெனைப்பாரு?"

"அவரு ஒங்கள கூப்பிட்டாரா, கார கூப்பிட்டாரா?"

நான் காதில் வாங்கவில்லை. லயத்து ஆட்கள் திரண்டுவிட்டார்கள். தோட்டத்து லொறியைச் சரிவில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் எடுத்துப் பழகியவர்கள் நாங்கள். என்னுடையது ஓட்டோ கியர் கார். நாள் பூராவும் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. அது தள்ளியவர்களுக்கும் தெரியாது, சொந்தக்காரனுக்கும் தெரியாது. மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து, இறக்கம் பார்த்துப் பெரகல பக்கமாகத் தள்ளினோம். பதுளை எதிர்ப்பக்கம்.

"தள்ளுங்கடா, புடிச்சிரும் புடிச்சிரும்!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"நீங்க எறங்கினாலே பாதி பாரம் கொறையும் மாமா!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். பதுளை பஸ்கள் இரண்டு எங்களைத் தாண்டி மேலே ஏறிப்போயின.

பிறகு அப்புத்தளைப் பக்கமிருந்து சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ். காரை ஓரங்கட்டச் சொல்லி, நானே நடு ரோட்டில் இறங்கிக் கையை வீசி வழிவிட்டேன். பெரிய மனிதன் மாதிரி டிரைவருக்கு ஒரு தலையாட்டல் வேறு.

அது வளைவில் மறையும்போது போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, எங்க இருக்கீங்க? ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே ஏத்திட்டாங்க. இப்ப அப்புத்தளைய தாண்டி எறங்கிக்கிட்டிருக்கோம்."

வளைவுக்கு அப்பால் தேய்ந்துகொண்டிருந்த அதே சைரன், போனுக்குள் ஓங்கிக் கேட்டது.

"வந்துக்கிட்டே இருக்கேன் அண்ணி" என்றேன்.

"வந்துக்கிட்டே இருக்காராம்" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் பதிலுக்கு ஏதோ சொன்னார். சைரன் சத்தத்தில் எனக்கு விளங்கவில்லை.

கொழும்பிலிருந்து அண்ணனைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்று அண்ணியிடம் கேட்கலாம். கேட்டால், நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டிவரும்.