சினியோராவின் மூக்குக்குப் பிடிபட்ட வனிலா

ஈ-சிகரெட்டுக்கு வீட்டிலை லிக்குயிட் கலக்கிற தொழிலிலை முதல் ஊறுறது சந்தேகம், வாசனை பிறகுதான். கலந்து பாத்து அவதிப்பட்ட ஆக்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இத்தாலியிலை, பலெர்மோ நகரத்து லிபெர்த்தாத் தெருப் பக்கம், ஒரு வயசான பேராசிரியரை, இஞ்சத்தைய பாசையிலை புரொபெசோரை, பராமரிக்கிறது என்ரை வேலை. சமையலும் நான்தான். அவருக்கு நெஞ்சு வருத்தமும் இருக்கு, சீனி வருத்தமும் இருக்கு. அவற்றை மகளை நான் சினியோரா, அதுதான் அம்மா, எண்டு கூப்பிடுறனான்; அவ முதல் நாளே சொல்லிப்போட்டா, சிகரெட் மணம் வந்தால் வேலை இல்லையெண்டு. வேலை போனால் இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெசோவும் போச்சு. நானும் மனுசியும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்தப் பயத்திலைதான் சிகரெட்டை விட்டுட்டு இந்தக் கண்டறியாத வேலையிலை இறங்கினனான்.

மருந்துக்கடை

வியா மக்வேதா எண்ட தெருவிலை ஒரு மருந்துக்கடை. கிளிசரின் வாங்கினன், அளக்கிறதுக்கு சிரிஞ்சும் கேட்டன். கடைக்காரர் என்ரை முகத்தைப் பாத்தார், பிறகு கையைப் பாத்தார். நல்ல காலம், அரைக்கைச் சட்டை போட்டிருந்தன், ஊசி குத்தின அடையாளம் ஒண்டும் இல்லையெண்டு தெரிஞ்சிருக்கும். "ஊசி வேண்டாம், குழாய் மட்டும் காணும்" எண்டு எனக்குத் தெரிஞ்ச இத்தாலியனிலை சொன்னன். மனுசன் சாமானைத் தந்தார், கண்ணை மட்டும் எடுக்கேல்லை.

"எல்லாரும் முதல்ல இப்பிடித்தான் சொல்லுவினம்."

மாதாவுக்குப் பின்னால

கிளிசரினிலை நிக்கொட்டினும் வனிலா எசன்சும் கலந்த லிக்குயிட் இருட்டிலை கிடந்து ஊற வேணும். அல்பெர்கேரியாவிலை எங்கட வீடு ஒரு அறையும் சமைக்கிற குசினியும். வெளிச்சம் படாத இடமெண்டால் மாதா சுரூபத்துக்குப் பின்பக்கம் மட்டும்தான். போத்தலை அங்கை வைச்சன். அந்தக் கிழமை பங்குச் சனம் கூடிச் சொல்லுற செபமாலை எங்கட வீட்டிலை எண்டது என்ரை மண்டையிலை நிக்கேல்லை.

செபம் முடிய, பங்கிலை மூத்தவ ரீற்றா அக்கா அந்தப் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, முழங்காலிலை பூசப் போறா. உள்ளை கிடக்கிறது நிக்கொட்டின், தோலிலை ஊறினால் நஞ்சு. பாஞ்சு பறிச்சுப்போட்டன். வந்த சனம் முழுக்க என்னைப் பாக்குது, மனுசி நிலத்தைப் பாக்கிறா.

"மந்திரிச்ச எண்ணெயிலை ஒரு சொட்டுக் குடுக்க மனமில்லை, பிறகென்னத்துக்குத் தம்பி செபமாலை?"

வீட்டுச் சோதனை

அதுக்குப் பிறகு மனுசி என்ரை போத்தல் ஒவ்வொண்டையும் திறந்து மணந்து பாக்கத் தொடங்கினா. விளங்கப்படுத்தினன். தலையாட்டினா, நம்பேல்லை.

"இஞ்சாருங்கோ, குடிக்கிறதெண்டால் குடியுங்கோ, மாதாவுக்குப் பின்னால ஒளிச்சு மட்டும் வையாதேங்கோ."

மோப்பம்

புதுப் பழக்கம் பாருங்கோ, வனிலாவை நான் அளந்து விடேல்லை. நத்தார் கேக்குக்கு மனுசி எசன்ஸ் விடுறமாதிரி கைக்கணக்கிலை தாராளமா விட்டுட்டன். ஒரு நாள் காலமை, படியடியிலை நிண்டு ரெண்டு இழுவை இழுத்துட்டு வேலைக்குள்ளை போனன். சினியோரா என்ரை சட்டையடியிலை வந்து மோந்தா. சிகரெட் மணம் இல்லை, வனிலா மணம். அந்தக் கிழமை பாத்து புரொபெசோருக்குச் சீனி ஏறிப்போய்க் கிடக்கு.

"அப்பாவுக்குக் களவாக் கேக் குடுக்கிறது நீயோ?"

தீர்ப்பு

ஓமெண்டால் சீனி வருத்தக்காரனுக்குக் கேக் தீத்தின பாவி. இல்லையெண்டு உண்மையைச் சொன்னால் புகைக்காரன். எப்பிடிப் பாத்தாலும் வேலை போச்சு. புரொபெசோர் கட்டிலிலை இருந்துகொண்டு ஜன்னலைப் பாக்கிறார். கேக் குடுத்தது ஆரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது, மேல்வீட்டு விதவையிலைதான் எனக்குச் சந்தேகம்.

ஈ-சிகரெட்டை எடுத்து மேசையிலை வைச்சன். "இதின்ரை மணம்தான் சினியோரா, நானே கலந்தது" எண்டன். அவ அதைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய் ஒரு இழுவை இழுத்தா. இருமல் எண்டால் அப்பிடியொரு இருமல், கண்ணாலை தண்ணி ஓடுது. நான் மனசுக்குள்ளை உடுப்பு அடுக்கத் தொடங்கீட்டன். கண்ணைத் துடைச்சுக்கொண்டு உள்ளை வந்தா.

"கேக் குடுத்தது நீயில்லை, நம்புறன், வேலையிலை இரு, ஆனால் இந்தக் கண்றாவியைக் கலந்த கை இனி அப்பாவின்ரை குசினிப்பக்கம் போகக்கூடாது."

கலக்கத் தெரியாததாலையே வேலையும் பெர்மெசோவும் தப்பி, சமையலும் கழிஞ்ச ஆள் பலெர்மோவிலை நான் ஒருத்தனாத்தான் இருப்பன்.