கோலா மெஷினில் அரைத்த வடை

காலை பத்து நாற்பது. மிக்ஸியின் மூடியைத் திறந்தேன். கடலைப்பருப்பு பாதி அரைபட்டுக் கிடந்தது. கரண்ட் போய்விட்டது.

ஏற்காட்டில் கரண்ட் போவதெல்லாம் ஒரு செய்தியா? இல்லைதான். ஆனால் அன்று என் மைத்துனி சாந்தியைப் பெண் பார்க்கச் சேலத்திலிருந்து பகல் பஸ்ஸில் வருகிறார்கள். ஏற்கெனவே மூன்று வரன் தட்டிப்போயிருந்தது. ‘இதுவும் போனால்...’ என்று ஆரம்பிக்கும் மாமியார், வாக்கியத்தை முடிப்பதே இல்லை.

அம்மி? மிக்ஸி வந்த ஜோரில் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம்.

மிச்சம் இருந்தது, எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது நான் வாங்கிய அந்தக் காலத்துச் சீமை மெஷின். மேசை விளிம்பில் திருகி மாட்டிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஞாயிறுதோறும் கோலா உருண்டைக்குக் கறி அரைப்பது அதில்தான்.

அங்கேதான் சிக்கல். மகனுக்குக் கல்யாணம் ஆகும்வரை கறி தொடுவதில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா சேர்வராயன் கோயிலில் வேண்டிக்கொண்டவர். அவர் விட்டதால் வீடே விட்டுவிட்டது — நாலு வருடமாக. கறி பட்ட பாத்திரம்கூட ஆகாது என்று தரகர் சொல்லியிருந்தார்.

“ஏனுங்க, புளி போட்டுத் தேச்சு வெந்நி ஊத்திட்டேன். சுத்துங்க,” என்றாள் மனைவி.

“தெரிஞ்சுபோச்சுன்னா?”

“நீங்க பத்திரிகைல எழுதாம இருந்தாச் சரி.”

(அந்த அம்மா வாங்குவது வேறு பத்திரிகை. விசாரித்துவிட்டேன்.)

வந்தார்கள். வடையைச் சாப்பிட்டார்கள். “நொம்ப நல்லாருக்குதுங்க. எதுல அரைச்சீங்க?” என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார் அந்த அம்மா.

மெஷின் இன்னும் பக்கத்து அறையில், என் எழுத்து மேசையில்தான் இருந்தது. ஓடினேன். எனக்கு முன்பே அங்கே மாப்பிள்ளையின் அப்பா. கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார். அறை வாசலில் தன் மனைவியின் வளையல் சத்தம் கேட்டதும், தோளில் இருந்த துண்டை எடுத்து மெஷின் மேல் போட்டார்.

“அங்க என்னங்க பண்றீங்க?”

“மழைல நனைஞ்ச துண்டு. காயட்டும்.”

அந்த அம்மா நகர்ந்ததும் என் காதருகே வந்தார். “தம்பி, கோலாவுக்குத்தானுங்களே?”

தலையாட்டினேன்.

கூடத்துக்குப் போய், “எங்களுக்குப் பொண்ணு புடிச்சுப்போச்சுங்க,” என்று அறிவித்தார். சாந்தி அப்போதுதான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். பையன் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தான்.

பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பெண்ணைப் பார்க்கத்தான் வருகிறார்களா என்ன?

நல்லவேளை, பையனுக்கும் சாந்திக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார் சம்பந்தி. நடந்தது.

போன ஞாயிறு மறுவீட்டு விருந்து. மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். சம்பந்தி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.